நாற்பது மீட்டர் பிசகு

லிம் சூ காங் சாலைக்கு மேற்கே
நான்காம் துளை போட வேண்டும், திங்களுக்குள்.
அதற்காகத்தான் இந்தப் பழைய வரைபடம்.
வேறு ஆசை எதுவும் எனக்கில்லை.

மூடிய கிணற்றின்மேல் இயந்திரத்தை நிறுத்தினால்
இயந்திரம் கிணற்றுக்குள் போகும்.
போன வருடம் ஒன்று போயிற்று.
அன்றிலிருந்து அலுவலகத்தில் சட்டம்:
மண்ணைத் தொடுமுன் தாளைப் பார்.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டுத் தாள்.
ஒரு மைல் இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கிவிட்டது.
பழுப்புக் கோடு மேடு, நீலம் தண்ணீர்,
பச்சைப் புள்ளிகள் கித்தா, வரிசை பிசகாமல்:
அப்படித்தான் நட்டார்களா
வரைந்தவனுக்குக் கை அப்படித்தான் போயிற்றா, தெரியாது.
துரை பங்களாவுக்குப் பெயர் இருக்கிறது.
ஓடைக்குப் பாதிப் பெயர்,
மீதி மடிப்பில் கிழிந்து போனது.
லயத்துக்கு மூன்று கறுப்புச் செவ்வகம்,
அரிசிமணியைவிடச் சிறிதாக.
பெயர் இல்லை.

பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
அச்சில் வந்ததல்ல,
எனக்கு முன்னால் பார்த்த யாரோ போட்டது,
அழுத்தாமல்,
கேட்கலாமா என்று யோசித்தபடி.

தாளை இன்றைய படத்தின்மேல் விரித்தேன்.
ஒட்டவில்லை. எங்கோ நாற்பது மீட்டர் பிசகு.
இரண்டையும் சேர்த்துத் தைக்க மூன்று புள்ளி வேண்டும்,
அன்றும் இன்றும் ஒரே இடத்தில் இருப்பவை.
சாலை வளைவு? நிமிர்த்திவிட்டார்கள்.
ஆற்றின் வாய்? அணையால் அடைத்தாயிற்று.
குன்றின் உச்சி, நூற்றிருபது அடி என்று போட்டிருக்கிறது.
குன்று லோரி ஏறிப் போய்க்
கடலுக்குள் இறங்கி
இப்போது யாரோ அதன்மேல் பூப்பந்து ஆடுகிறார்கள்.
"கல்லறைகள் நகராது" என்றாள் சியூ கெங்.
பிறகு அவளே
தோண்டி மாற்றிய கல்லறைகளின் பட்டியலைத் திறந்து
பதினோரு பக்கம் என்றாள்.
சிரித்துவிட்டோம்.

அன்வாருலுக்குத் தாள் வேண்டாம்.
போலாத் தீவில் பிறந்தவன்;
மழைக்கு மழை கரை இடம் மாறுகிற ஊர்.
ஆறு மீட்டரில் குழாயை உருவி
வந்ததை விரலில் தொட்டு முகர்ந்தான்.
என் கணக்கில் அங்கே செம்மண்.
வந்தது கறுப்பு:
மக்கிய இலை, நத்தை ஓடு, வழவழப்பு.
"அக்கா, நோதி" என்றான்.
அவன் மொழியா என் மொழியா,
பாதி வழியில் சந்தித்துக்கொண்ட சொல்.

மறுநாள் காலை
துளைக்குள் தண்ணீர் ஒரு மீட்டர் ஏறியிருந்தது.
ஓடை எங்கும் போய்விடவில்லை.
மேலே லாலாங் புல், கம்பிவேலி,
உள்ளே வராதே என்னும் சிவப்புப் பலகை.
கீழே அது பாட்டுக்கு அது.

ஐந்தாம் துளையிலும் கறுப்பு. ஆறிலும்.
மூன்று புள்ளி.

திரையில் தாளை மேற்கே இழுத்தேன்,
ஓடையின்மேல் ஓடை உட்காரும்வரை.
கித்தா மரங்கள் நகர்ந்தன, பங்களா நகர்ந்தது,
மூன்று செவ்வகங்களும் நகர்ந்து வந்து
நாங்கள் தார்ப்பாய் கட்டி
நான்கு நாளாய்ச் சோறு தின்கிற இடத்தில் நின்றன.
கேள்விக்குறியும் கூடவே வந்து
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டது.

இந்த இடத்தை ஏன் பிடித்தாய் என்று கேட்டேன்.
அன்வாருல் தோளைக் குலுக்கினான்.
தண்ணி நிக்காது அக்கா, காத்து வரும்.
பருப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தான்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
ஒன்றரை மீட்டர் வரை கொட்டிய மண்.
அதன்கீழ் ஆற்றுக் களி, மிக மென்மை.
நிலத்தடி நீர்: உண்டு.
லயம் எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
'பிற குறிப்புகள்' என்ற வெற்றிடத்தில்
மூன்று செவ்வகம் வரைந்து அனுப்பினேன்.

சியூ கெங் அழிக்கவில்லை.
அளவு சரியா
என்று மட்டும் கேட்டாள்.