ஈயம்

சாகிரில் காற்று மணலைப் புரட்டிய இரவு.
எடைமேடையில் ஏறினேன். ஐம்பத்து நாலு.
ஜெர்வின் சிரிக்காமல் நாலு ஈயத் தகடுகளை
இருக்கைக்குப் பின்னால் முடுக்கினான்.
"இப்போ நீ எழுபது கிலோ ஆள்."

ஆறு வருடமாய் மனாமா சந்துகளில்
பிரியாணிப் பெட்டியோடு பைக் ஓட்டுகிறவன்.
வளைவு வந்தால் உடம்பு
என்னைக் கேட்காமலே உள்ளே சாயும்.
இங்கே அதுதான் தப்பு.
பின்னச்சு ஒரே கம்பி,
இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும்.
உள்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டால்தான்
வண்டி திரும்பும்.
நானோ அதன்மேலேயே அழுத்தி
உட்கார்ந்திருக்கிறேன், எட்டு சுற்றும்.

ஒன்பதாவதில்
ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒரு திருப்பு,
உடனே கொஞ்சம் விட்டுக்கொடு.
முதுகு நேராக.
வலது விலா இருக்கை விளிம்பில் மோத வந்தது.
மோதட்டும் என்று விட்டேன்.
இடப்பக்கம் ஏதோ கழன்றதுபோல் லேசானது.
டயர் அலறவில்லை.
எஞ்சின் திணறவில்லை.
நவ்ஃபலின் மஞ்சள் ஹெல்மெட்
முதல் தடவையாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

முந்தவில்லை. கடைசி வளைவில் மணல்.

மறுநாள் மதியம், ஹூரா ரவுண்டானா.
பின்னால் நாலு பிரியாணி, இரண்டு மோர்.
பழக்கதோஷம், ஒரே ராத்திரிப் பழக்கம்,
நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டேன்.
பைக் நேராக ஈச்சமரத்தைப் பார்த்துப் போனது.
சாய்ந்தேன், கடைசி நொடியில்.
மோர் கொட்டிவிட்டது.

வாங்கியவர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்.
சட்டைக்குள் விலாவில் கன்றியிருந்த நீலத்தை
ஒரு விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே
அடுத்த ஆர்டரை எடுத்தேன்.