உடுக்குறி

முதுநகர் துறைமுகத்தில்
ஏழு மணிக்கு முன்பே ஏலம் முடிந்துவிட்டது.
அஞ்சலாட்சி ஒன்றரைக் கிலோ வஞ்சிரத்தைத்
தலை தனியாக, வால் தனியாகப் போட்டுவிட்டு
நிமிராமலே கேட்டாள்:
வெட்டின துட்டு எங்க?

என் பையில் அகராதியின் மெய்ப்புத் தாள்.
'து' வரிசை. ராத்திரி முழுக்க அதோடுதான்.

துட்டு: ஒல்லாந்தரின் செப்புக் காசு, டொய்ட்.
தேவனாம்பட்டினத்துக்குத் துணி வாங்க வந்தவர்கள்.
அதற்கு முன்னால், வடகடல் பக்கம்,
எடைக்கு நறுக்கிய துணுக்கு என்கிறார்கள்.
அதற்கும் முன்னால் காசே இல்லை, கத்திதான்.
வெட்டு, சீவு என்றொரு வினை,
த்வீட்டன்.
பல்லுக்கு நடுவே நாக்கை வைத்து ஊத வேண்டும்.
யாரும் எழுதி வைக்கவில்லை.
பேரப்பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து
செத்துப்போன பாட்டன் மூக்கை வரைவதுபோல
வரைந்தெடுத்து
தலைமாட்டில் ஓர் உடுக்குறி வைத்திருக்கிறார்கள்.
இதைக் கேட்ட காது இல்லை என்று பொருள்.

பங்காளிகள் ஆளுக்கொரு திக்கு.
ஒருவன் இங்கிலாந்தின் வடக்கே
காடு வெட்டித் திருத்திய நிலமாகி
ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டான்.
ஒருவன் மரக்குச்சி சீவப் போய்
விட்டில் என்று பெயரை மாற்றிக்கொண்டான்,
நம்ம பூச்சி இல்லை.
கடைக்குட்டி மட்டும் கப்பலேறி
உப்பனாற்றில் இறங்கி
நேராக மீன்காரி சுருக்குப்பைக்குள் போனான்.

அவன் வந்தபோது இங்கே
துணி என்றாலும் வெட்டியதுதான்
துண்டு என்றாலும் வெட்டியதுதான்.
சொந்தம் கிடையாது. ரத்தம் வேறு.
ஆனாலும் வெட்டியதைக் கொடுத்து
வெட்டியதை வாங்கிய அந்த வியாபாரத்தை
எந்தக் கணக்குப்பிள்ளை கவனித்திருப்பான்?

பாதியை அவளிடம் சொன்னேன்.
கத்தியைச் சாக்கில் துடைத்தபடி கேட்டாள்.
"அப்ப நான் பண்றதுக்குப் பேரே துட்டுதானா."
பிறகு,
"அறுபது ரூவா. ஸ்கேன் பண்ணு."

ஐஸ் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டை வழியாக
காசில்லாமல் காசு போனது.
எங்கிருந்தோ ஒரு குரல் அறுபது என்று அறிவித்தது.
அவள் அதை நம்பவில்லை.
ஈரக்கையை முந்தானையில் துடைத்து
போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன்.
துட்டுக்கு இடப்பக்கம், சரியாக அதன் தலைமாட்டில்,
ஒரு செதில் ஒட்டியிருந்தது,
மினுமினுவென்று.

நகத்தால் சுரண்டி எடுத்தேன்.
இதைத்தான் காலையில் கேட்டேனே.