ஷன்னா துறையில் அரை மார்க்

இப்ரியிலிருந்து விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம்,
நானும் மோராவும் என் பழைய யாரிஸும்.
அவள் ஊர் அயர்லாந்தில் கார்க். எனக்கு விளாத்திகுளம்.
கல்லூரியில் இருவருக்கும் ஒரே பாடப்புத்தகம்,
ஒரே வகுப்பறை, அடுத்தடுத்த மணி.
சம்பளம் மட்டும் ஒன்றில்லை.
அவள் ஆங்கிலத்தில் பிறந்தவள்,
நான் அதற்குள் குடிவந்தவள்.
பெட்ரோலுக்கு எப்போதும் அவள்தான் கொடுப்பாள்.
ஏனென்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆதம் தாண்டியதும் சோதனைச் சாவடி.
காவலர் மோராவின் அட்டைக்குத் தலையசைத்தார்.
என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இங்கிலீஷ் டீச்சரா? நீ ஹிந்தி அல்லவா?"
அரபியில் இந்தியர் எல்லாருமே ஹிந்தி.
எங்கள் ரயில் நிலையங்களில்
தார் பூசி அழித்த சொல்
இங்கே என் நாட்டின் பெயராக
அட்டையில் உட்கார்ந்திருக்கிறது.
மோரா சிரித்தாள்.
நானும் சிரித்தேன், அரை கிலோமீட்டர் கழித்து.

சினாவில் தேநீர். ஒரு பிக்கப்பின் பின்புறம்
மண்டியிட்ட ஒட்டகம் எங்களைக் கடந்து போனது,
தேர்வு மேற்பார்வையாளரின் முகத்தோடு.
பிறகு உப்பு. இருபுறமும் வெறும் உப்பு,
யாரோ துடைத்துவிட்டுப் போன பலகை மாதிரி.

ஷன்னாவில் கடல் இல்லை.
அதாவது, இறங்கியிருந்தது.
அது ஏறும்வரை மசீராவுக்குக் கப்பல் கிடையாது.
வரிசையில் ஆடுகள், இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள்,
சுருட்டிய மெத்தையோடு ஒரு வங்காளதேசத்துக்காரர்,
கடைசியில் நாங்கள்.

ஆரஞ்சு மேலங்கியில் வண்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவன்
சுலையம்.
மூன்று வருடத்துக்கு முன், என் நாலாவது பிரிவு.
உதட்டெதிரே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடி என்பேன்.
அசைந்தால் ஒரு ப,
அசையாவிட்டால் இன்னொரு ப.
பாருங்கள், தமிழில் எழுதும்போதே தோற்றுப்போகிறேன்.
எங்கள் ஏட்டில் பாலும் பாலும் ஒன்று:
ஒன்று பொங்கும், ஒன்று உருளும்.
பத்தாம் வகுப்புவரை
என் காகிதமும் அசைந்ததில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.
வண்டியை நிறுத்து என்று அவன் சொன்னால்
குரை என்று கேட்டது. அரை மார்க் குறைத்தேன்.
அந்த அரை மார்க்கில்
அவன் கல்லூரியைவிட்டுப் போனான்.

"பார்க்! பார்க்!" என்று கத்திக்கொண்டிருந்தான் இப்போது.
எந்த ப என்று கேட்காதீர்கள்.
மூன்று லாரிகளும் ஒரு தண்ணீர் டாங்கரும்
அங்குலம் பிசகாமல் புரிந்துகொண்டு நின்றன.

மிச்சம் ஒரு வண்டிக்கு இடம்.
குனிந்து என் கண்ணாடிக்குள் பார்த்தான்.
"டீச்சர் அங்கை."
என் முழுப்பெயர் அங்கயற்கண்ணி.
அதில் நான் யாருக்கும் மார்க் குறைத்ததில்லை.

டிக்கெட்டைக் கிழித்தான். பாதியைத் தராமல்
தன் உதட்டெதிரே பிடித்து அந்தச் சொல்லைச் சொன்னான்.
சீட்டு படபடத்தது.
"அசையுது டீச்சர்."
"அது கடல்காற்று."
"காற்றைத்தானே கேட்டீங்க?"

பிறகு, இனி என் முறை என்றான்.
அரபியில் இதயம் என்று சொல்லச் சொன்னான்.
சொன்னேன்.
காதில் கைவைத்துக் கேட்டு, "நாய்" என்றான்.
இன்னொரு முறை சொன்னேன்.
"மறுபடியும் நாய்."
இரண்டுக்கும் எங்களிடம் ஒரே க.
அது நாக்கில் இல்லை டீச்சர், இன்னும் கீழே என்று
தொண்டைக்குழியைத் தொட்டுக்காட்டினான்.
கோபம் இருந்ததா அந்த விரலில்? பார்த்தேன்.
கிரீஸ்தான் இருந்தது.
யாரிஸை உள்ளே விடச் சொல்லிக் கையசைத்தான்.

தண்ணீர் ஏறியது. கப்பல் நகர்ந்தது.
அவன் கரையிலேயே நின்றுவிட்டான்,
அடுத்த வரிசை வந்துவிட்டது.
மேல்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு
வயிற்றிலிருந்து, விலாவிலிருந்து
அந்த எழுத்தை மேலே இழுத்துப் பார்த்தேன்.
இருமல் வந்தது.
ஒரு ஆடு திரும்பிப் பார்த்தது.
தொப்பியை முகத்திலிருந்து விலக்கி மோரா கேட்டாள்:
"ஏன் இப்படிக் குரைக்கிறாய்?"