அவைக்குறிப்பிலிருந்து

செக்காலை ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்குப்
பென் டிரைவோடு வந்தார் டவ்வெ.
ஹாலந்துக்காரர். எழுபத்து மூன்று வயது.
கானாடுகாத்தானில் பெரிய வீடொன்றின் மாடி அறையில்
மாச வாடகைக்கு இருந்து
புத்தகம் எழுதுகிறாராம்.
கடையில் நின்ற நாலு பேருக்கும் கை கொடுத்தார்,
பரோட்டா மாஸ்டருக்கும் சேர்த்து.
அப்போதே தெரிந்துவிட்டது
ஓட்டுக் கேட்டுப் பழகிய கை.

இருபத்திரண்டு வருஷம் பாராளுமன்றம்.
அதற்கு முன்னால் நீர் வாரியம்.
ஒரு தடவை மந்திரி, ஒரு தடவை கட்சியே தோற்று
வீட்டில்.
ஓய்வுக்குப் பிறகு நாவல்; முதலாவது நன்றாக விற்றதாம்.
"அப்போது பொய்யை உண்மை போலச் சொன்னேன்,
இப்போது உண்மையைப் பொய் போல"
என்று சிரித்தார்.
பல மேடைகளில் உருண்டு தேய்ந்த வாக்கியம்.
நான் சிரிக்கவில்லை.
ஐந்து வருஷம் மைக் பிடித்தவள் நானும்.

பதினொரு ஓட்டில் தோற்று ஒன்பது வருஷமாகியும்
சேர்மன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்,
கூப்பிட்டுவிட்டு
ஆதார் கார்டை இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்கிறார்கள்.

தண்ணீரை வெளியே இறைப்பதுதான்
அவர் ஊரில் அரசாங்கம்.
இங்கே வீட்டுக் கூரைகள்கூட
நாலு பக்கமும் உள்ளே சரிந்து
ஒரு மழையாவது விழாதா என்று பார்க்கின்றன.
இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

பட்டணம் மூழ்காதிருக்க
ஆற்றுக்கு ஒரு கிராமத்தைக் கொடுத்தார்கள்.
முப்பத்தொரு வீடு, ஒரு தேவாலயம், அவர் கையெழுத்து.
கடைசிவரை காலி செய்யாத ஒருத்தி,
பெயர் ஆல்ட்யே.
பசுக்களை ஓட்டிப்போன பிறகும்
பால் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாளாம்.
புத்தகமே அவளைப் பற்றித்தான் என்றார்.

ஒரு சொல் புரியாமல் பக்கங்களை அடுக்கினேன்.
அந்தப் பெயர் மட்டும் கண்ணுக்குப் பழகிவிட்டது,
இரண்டு ஏ சேர்ந்து தொடங்கும் பெயர்.
ஆடி பிறந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

ஒரு வியாழக்கிழமை வேறு கோப்பு கொண்டுவந்தார்.
நூற்றுத் தொண்ணூறு.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறவள்,
எனக்கா எண்ணத் தெரியாது?
அவர் டீ குடிக்கப் போன நேரம்
கம்ப்யூட்டரில் அந்த இரட்டை ஏ-யைத் தேடினேன்.
இல்லை. ஓர் இடத்திலும் இல்லை.

கேட்டதற்கு
"கதைக்குத் தேவைப்படவில்லை" என்றார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
பழைய பிரதியைக் கிழித்துவிடச் சொன்னார்.
சரி என்றேன்,
கூட்டத்தில் கை தூக்குவது போல.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு பெயர் உண்டு:
அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்.
பேசியது பேசியதுதான்,
காதில் விழுந்தது விழுந்ததுதான்,
காகிதத்தில் மட்டும் இருக்காது.

தீர்மானம் எண் நாற்பத்தொன்று.
சங்கிலி ஊருணியின் வரத்துக்காலை மூடி
வணிக வளாகம்.
ஒப்பந்தக்காரர் எழுதிக்கொண்டு வந்தார்,
வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்
என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.
வாசித்தேன்.
ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பாதி ஷட்டர்.
அவர் கிழிக்கச் சொன்ன கட்டு மேசையில் இருக்கிறது.
ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை.
கணக்கு எழுத ஆகும் என்று வைத்தேன்.
வரத்துக்கால் ஓரம் பொன்னழகி வீடு இருந்தது
என்று எழுதினேன். அடித்தேன்.
மறுபடி எழுதினேன்: இருந்தது,
கதவு நீல நிறம்.
தாளைத் திருப்பிப் பார்த்தால்
அந்தப் பக்கம் அவள் பெயர் ஆறு தடவை.

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டுகிறார்கள்.
சேர்மன் அம்மா, வருமானச் சான்று, ரொம்ப அவசரம்.
நாளைக்கு வாங்க, என்றேன்.
கரண்ட் இல்லை.
இருந்தது.