நடுவிலுள்ளது

டர்பன் கடைக்காரன் கேட்டான்,
அறை எத்தனை சதுர மீட்டர்?
எனக்கு அளவு தெரியாது. ஈரத்தைச் சொன்னேன்:
அலமாரியில் தோல் செருப்புக்குப் பச்சைத் தாடி முளைத்ததை,
ஜாடி உப்பு கசிந்து கட்டியானதை,
பிப்ரவரி முழுக்கத் தீக்குச்சி மருந்து
உரசும்போதே உதிர்வதை.
"இசிப்பிங்கோ பீச்சா? பெரியதாக எடுங்கள்" என்றான்.
விலையைப் பார்த்து
நடுவிலுள்ளதை எடுத்தோம்.

குகன் அதைச் சுவரோடு ஒட்டி வைத்தான்.
ஒரு சாண் தள்ளி வை, அதற்கும் மூச்சு வேண்டும்.
ஐம்பது சதவீதம் என்றேன். நாற்பது என்றான்.
நாற்பதில் கதவுச் சட்டம் வெடிக்கும்,
கரண்டு பில்லைப் பார்த்து நீயும்.

சிகரெட்டுக்கு அவன் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம்
கத்தினேன்:
இந்துமாக்கடல் முழுவதையும்
இந்தத் தொட்டியில் பிடிக்கப் போகிறாயா?

முதல் காலை அது நிரம்பித் தானே நின்றிருந்தது.
இரண்டு கையாலும் தூக்கினேன்.
இதற்குள்ளா இத்தனை நாள் படுத்திருந்தோம்?
சுவர் கொஞ்சம், துவாலை கொஞ்சம்,
ஆளுக்கொரு பக்கம் திரும்பி
விட்ட மூச்சு கொஞ்சம்.
குடிக்காதே என்றது கையேடு.
கறிவேப்பிலைக்கு ஊற்றினேன்.

எட்டாம் நாள் மாலை, அட்டவணைப்படி
மின்சாரம் போனது, இரண்டு மணி நேரம்.
இரைச்சல் நின்றபிறகுதான் தெரிந்தது
நாங்கள் பேசாமலிருக்க
அது எவ்வளவு வசதியாக இருந்ததென்று.

கடல் மெல்லப் படியேறி வந்தது.
"மெழுகுவத்தி எங்கே?" என்றான்.
"சிங்க் அடியில்."
இருட்டில் தடவித்
தீப்பெட்டியை எடுத்தான்.

முதல் உரசலிலேயே பற்றியது.