பிழைக்கொரு மொச்சை

செவ்வாய் இரவு. ஒந்தாரோவாவில்
மீன் ஏலக்கூடத்து மாடியில் பாஸ்க் வகுப்பு.
கையை மூன்று முறை கழுவிவிட்டுத்தான் வருகிறேன்;
நெத்திலி வாடை எனக்கு முன்னே
நாற்காலி பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

விதி ஒன்றுதான்:
ஸ்பானிஷ் வாயில் வந்தால்
டப்பாவுக்குள் ஒரு கறுப்பு மொச்சை.
டப்பா நிறைந்தால் அடுப்பேறும்.
வொலோஃபுக்கு அபராதம் இல்லை என்றாள் கராசி,
அவளுக்கு அது புரியாது.
ஆகவே திட்டுவது எனக்கு மட்டும் இலவசம்.

சீட்டைக் கலைத்தோம். முஸ் ஆட்டம்.
கூட்டாளிக்கு ஜாடை காட்டலாம்:
கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா,
நாக்கு நுனி தெரிந்தால் இரண்டு ஆஸ்,
கண்ணை மூடினால் கையில் ஒன்றுமில்லை.
ஜாடையில் பொய் கூடாது.
வாயால் எவ்வளவும் புளுகலாம்.

என் கூட்டாளி எவுலோகியோ,
எஸ்த்ரெமதூராவிலிருந்து வந்து
நாற்பத்தொரு வருடம் டப்பா ஆலையில் மூடி அடைத்தவர்.
இருப்பதையெல்லாம் பந்தயத்தில் தள்ளி
மேசை அதிர, "ஒர்தாகோ!" என்று கத்தினார்.

கராசி எழுந்துபோய்ப் பலகையில்
அந்தச் சொல்லை இரண்டாக வெட்டினாள்.
ஒர்: அதோ.
தாகோ: இருக்கிறது.

அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.
"அப்படியென்றால் அது ஒரு வாக்கியமா?"
நாற்பத்தொரு வருடம் மதுக்கடை மதுக்கடையாக
பிழையில்லாத இலக்கணம் பேசியிருக்கிறார்,
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
(கேட்டது ஸ்பானிஷில். ஒரு மொச்சை.)

அடுத்த சுற்று. என் கையில் நாலு, ஐந்து, ஆறு, ஏழு.
எவுலோகியோ கண்ணை மூடினார்.
நானும் மூடினேன்.
மருந்துக்கடை இச்சாரோ உதட்டைக் கடிப்பதை
அதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

மூன்று வருடமாக இந்த மொழியில்
உண்மை மட்டுமே சொல்லி வந்தவள் நான்:
என் பெயர் கும்பா. மீன் வெட்டுகிறேன். பிள்ளைகள் இருவர்.
பொய்க்கு வேண்டிய வினைச்சொல் கைவசம் இல்லை.

"ஒர்தாகோ" என்றேன்,
மெதுவாக, கத்தரிக்காய் விலை சொல்வதுபோல்.
இச்சாரோ என் முகத்தைப் பார்த்தாள்.
ராஜாக்களை மடக்கினாள்.

"என்னதான் வைத்திருந்தாய்?"
"எசெர் எஸ்." ஒன்றுமில்லை.
அதுவும் பாஸ்க்தான்.

மாதக் கடைசியில் டப்பாவைப் பானையில் கவிழ்த்தோம்.
யாரும் கேட்காமலே
ஒரு துண்டு கருவாடும் மிளகாயும் போட்டேன்.
யார் பிழை யார் தட்டில் விழுந்ததோ.

எவுலோகியோ இரண்டாம் தட்டை நீட்டினார்.
உப்பு என்ற சொல் அவருக்கு வரவில்லை.
"சால்" என்று விட்டார்.
எல்லோரும் டப்பாவைப் பார்த்தோம்.

அவர் தட்டைத் துழாவி
வெந்த மொச்சை ஒன்றை எடுத்து
காலி டப்பாவுக்குள் போட்டார்.
சத்தமே வரவில்லை.