வலப்பக்க விளக்கு

ஜாபாவின் தகப்பன் மூன்று புகைப்படங்கள் கொண்டுவந்தான்.
ஒன்றில் ராணுவத் தொப்பி.
ஒன்றில், அக்காள் கல்யாணத்தில், பாதிக் கண் மூடியிருந்தது.
ஒன்றில் காரின் மூக்கில் சாய்ந்து நிற்கிறான்.
"இது," என்றான். "காரோடு."

காருமா என்று நான் கேட்கவில்லை.
பத்தொன்பது வருடமாக இதுதான் என் தொழில்.
இங்கே பையன்களைக் காரோடுதான் கேட்கிறார்கள்.

வைர ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும்.
கறுப்பு கல்லிலேயே இருக்கிறது,
வெளிச்சத்தை மட்டும் நான் வைக்கிறேன்.
ஓர் இமைக்கு அரை நாள்.
அரும்பு மீசைக்கு ஒரு நாள்.
காரின் முன்விளக்குகளுக்கு இரண்டு.
"நம்பர் தப்பாகிவிடக் கூடாது" என்று
தகப்பன் இருமுறை போன் செய்தான்.

மூக்கு முடிகிற அன்று
வைக்கோல் லாரிக்காரன் பாத்ரி வந்தான்.
நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.
கல்லைப் பார்க்காமல் கல்லிடம் சொல்வதுபோலச் சொன்னான்:

"ஒட்டிக்கொண்டே வந்தான். ஹாரன், ஹாரன்.
கண்ணாடியில் பல் தெரிந்தது,
சிரிப்பா கோபமா தெரியவில்லை.
நான் எங்கே ஒதுங்குவேன்?
ஒருபுறம் பாறை, ஒருபுறம் வெறும் காற்று.
வளைவு தாண்டினால் எங்கள் ஊர்ப் பிரிவு,
இருநூறு மீட்டர்கூட இல்லை,
திரும்பிப் போயிருப்பேன்.
அதற்காகத்தான் வலப்பக்க விளக்கைப் போட்டேன்.
உங்களுக்குத் தெரியும்தானே,
இந்த மலையில் லாரி வல விளக்கைப் போட்டால்
பாதை காலி, தாண்டிக்கொள் என்றும் அர்த்தம்."

பிறகு வெகுநேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

எதிரே வந்த பால் வண்டியில் எலிஸோ இருந்தாள்.
இடுப்பெலும்பு மூன்று இடத்தில் போயிற்று.
இப்போது கோலூன்றிக் கழிப்பறை வரை போகிறாள்.
அவளுக்குக் கல் கிடையாது.
உயிரோடிருப்பவளை யார் செதுக்கச் சொல்வார்கள்?

நாற்பதாம் நாள்.
கல்லைப் பலகையில் சாய்த்து,
முகம் பின்னோக்கி இருக்கக் கட்டி,
கொம்போரி மலையேறினேன்.
இருபதுக்குமேல் வண்டி தாங்காது.
பின்னால் ஆறு கார்கள், பிறகு பதினொன்று.
ஹாரன்.
நான் வைத்த வெளிச்சத்தோடு
அவன் அவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.
அவர்களும் பார்த்திருப்பார்கள்,
ஊசித் தடம் எண்ணும் அளவு நெருக்கத்தில்.
வளைவிலேயே ஒரு வெள்ளை ஜீப் தாண்டியது.
பின்னிருக்கையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த சிறுமி
அவனுக்குக் கையசைத்தாள்.

நட்டோம். பாதிரியார் தூபம் காட்டினார்.
தகப்பன் ஒயினை ஊற்ற,
கல்லில் கார் மட்டும் நனைந்து பளபளத்தது.
அடியில் ஒரு புட்டியும் நாலு குவளையும் வைத்தார்கள்.
எங்கள் வழக்கம் அது:
போகிறவர்கள் நிறுத்தி,
செத்தவன் பேரில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு
மறுபடி ஓட்டிப்போவார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
பாக்கிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது வண்டி பஞ்சாக இருந்தது.
எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை.
வீட்டில் காத்திருந்தது
நேற்று வைத்த பீன்ஸ் குழம்பு மட்டும்.
முன்னால் ஒரு டிராக்டர்,
திராட்சைக் கூடைகள், மேலே குளவிகள்,
ஊர்ந்துகொண்டிருந்தது.
நாலு நிமிடம் பொறுத்தேன்.
பாட்டு மாற்றினேன்.
அவர் சற்று ஓரம் சாய்ந்ததுபோல் இருந்தது,
அல்லது பள்ளத்துக்கு விலகினாரோ,
என்னமோ,
ஐந்தாவது நிமிடத்தில் என் கால் அழுத்திவிட்டது.

டிராக்டர்காரர் கையை உயர்த்தியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.
வணக்கமா வசவா, தெரியவில்லை.

வளைவுக்கு அப்பால்
யாரும் வரவில்லை.